சாவிக்கொத்தும் மாத்திரையும்!

காலை ஏழு மணி. பஸ் நிலையத்திலே கூட்டம். வேலைக்குப் போகிறவர்கள் முண்டியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். திடீரென்று ஒருவர் விழுகிறார். கை கால் வெட்டி இழுக்கிறது, கண் மேலே செருகுகிறது, வாயிலே நுரை. "காக்காய் வலிப்பு! காக்காய் வலிப்பு!" என்று கூவுகிறது கூட்டம். ஓடி வருகிறார் ஒரு பெரியவர். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவுகிறார். விழுந்தவர் கையிலே திணிக்கிறார். இரண்டொரு நிமிடத்திலே வலிப்பு நிற்கிறது. "பார்த்தீர்களா இரும்பின் மகிமையை!" என்று நிமிர்ந்து நிற்கிறார் பெரியவர்.

சாவி கொடுக்காவிட்டாலும் அதே இரண்டொரு நிமிடத்திலே அது தானாக நின்றிருக்கும்! பெரும்பாலான வலிப்புகள் அப்படித்தான் நிற்கின்றன. சேவல் கூவியதால் பொழுது விடிந்தது என்று சொல்வது போன்றதுதான் சாவியால் வலிப்பு நின்றது என்பதும். ஆனால் நாம் இன்று எழுத வந்தது சாவியைப் பற்றி மட்டுமல்ல. அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

விழுந்தவர் மெல்ல எழுந்து உட்கார்கிறார். சட்டையெல்லாம் மண். கூட்டத்திலே இருந்த படித்தவர் ஒருவர், "ஏனய்யா, ஒழுங்காக மாத்திரை சாப்பிடக் கூடாதா?" என்று அதட்டுகிறார். விழுந்தவர் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் குனிந்த தலை நம் கண்ணை விட்டு அகலவில்லை, தோழர்களே! சாவி கொடுத்த பெரியவர் அறியாமையால் செய்தார்; அவரைத் திருத்திவிடலாம். மாத்திரை சாப்பிடவில்லையா என்று கேட்டவரோ, அறிந்தவர். அறிந்தவர் கேட்ட கேள்விக்கு ஏன் அந்த மனிதரால் பதில் சொல்ல முடியவில்லை? சொல்ல ஒன்றும் இல்லாததாலா? அல்லது சொன்னால் கேட்க ஆள் இல்லாததாலா?

இது யாரோ ஒருவரின் கதை அல்ல. உலகிலே வலிப்பு நோய் உள்ளவர்கள் ஏறத்தாழ 5 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அவர்களிலே பத்துக்கு எட்டுப் பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் இருப்பவர்கள். இந்தியாவிலே மட்டும் ஒரு கோடிக்குக் குறையாது என்பது மருத்துவர்களின் மதிப்பீடு. சரியாகக் கண்டறிந்து சரியாக மருந்து கொடுத்தால், நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. ஆண்டு முழுவதுக்கும் தேவையான மருந்தை 5 டாலர் செலவிலேயே கொடுக்க முடியும் என்றும் சொல்கிறது. இருந்தும் வறிய நாடுகளிலே நோயாளிகளில் நான்கிலே மூன்று பேருக்கு வேண்டிய சிகிச்சை கிடைக்கவில்லை!

மருந்து இருக்கிறது, விலையும் குறைவு, வலிப்பு நிற்கவில்லை. எங்கே அறுந்தது இழை?

முதலில் நோய் இன்னதென்று தெரிந்துகொள்வோம். பேயுமல்ல, பில்லியுமல்ல, முன் பிறவிப் பாவமுமல்ல. நம் மூளை மின்சாரத்தால் வேலை செய்கிறது. கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சிறு மின் துடிப்புகளால் சேதி சொல்லிக்கொள்கின்றன. அந்தத் துடிப்புகள் ஒழுங்கு கெட்டு ஒரே நேரத்தில் வெடித்தெழுந்தால், அதுதான் வலிப்பு. பிறக்கும்போது மூச்சுத் திணறியது, தலையில் அடிபட்டது, மூளைக் காய்ச்சல், பக்கவாதம், நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய் மூளையில் கட்டியாகத் தங்கியது என்று காரணங்கள் பல. காரணம் தெரியாமல் வருவதும் உண்டு. தொட்டால் ஒட்டாது, எச்சிலால் பரவாது.

இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரடீசின் பெயரால் வழங்கும் நூல், இந்த நோய் தெய்வத்தால் வருவதல்ல, மூளையில் பிறப்பது என்று சொல்லிவிட்டது. சொல்லி என்ன? மருந்து வர மேலும் இருபத்திரண்டு நூற்றாண்டுகள் பிடித்தன. 1857-ல் புரோமைடு உப்பு வந்தது. 1912-ல் ஜெர்மனியிலே ஆல்பிரட் ஹாப்ட்மன் என்ற இளம் மருத்துவர், வலிப்பு நோயாளிகள் இருந்த விடுதியிலேயே குடியிருந்தார். இரவெல்லாம் அவர்கள் படும் பாட்டைக் கண்டு, தூங்கட்டும் என்று பீனோபார்பிட்டால் என்ற தூக்க மருந்தைக் கொடுத்தார். வலிப்பே குறைந்துவிட்டது! அந்த மருந்து இன்றும் உலகெங்கும் ஏழைகளின் வலிப்பு மருந்தாக இருக்கிறது. அந்த மருத்துவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? அவர் யூதர் என்பதற்காக, 1938-ல் நாஜிகள் அவரைப் பிடித்து டாஹாவ் சித்திரவதை முகாமிலே அடைத்தார்கள். உயிர் தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அவர் அடைபட்டிருந்த அதே 1938-ல், அமெரிக்காவிலே மெரிட், புட்னம் என்ற இருவர் பெனிட்டாய்ன் மருந்தைக் கண்டு சொன்னார்கள். பிறகு கார்பமசிபின், வால்புரோயேட், லெவிடிரசிட்டம் என்று வரிசையாக வந்தன.

இத்தனை பேர் பாடுபட்டுக் கொண்டுவந்த மருந்து, நம் தோழனின் வீட்டு மாடத்திலே, தாள் பிரிக்காமல் கிடக்கிறது. ஏன்?

நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர், பெயர் வேண்டாம். கொங்குப் பகுதியிலே விசைத்தறி ஓட்டுபவர். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. பத்தொன்பது வயதிலிருந்து வலிப்பு. மாத்திரையைத் தீப்பெட்டிக்குள் போட்டு, தார்க் கூடைக்கு அடியிலே ஒளித்து வைத்திருப்பார். தறிக்கூட முதலாளி பார்த்தால் சீட்டுக் கிழிந்துவிடும்! ஒரு நாள் அவரிடம், "ஏன் தோழரே ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை?" என்று நாமும் அந்தப் படித்தவரைப் போலவே கேட்டோம். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறோம்:

"மாத்திரையத் தின்னா கண்ணைச் சொக்குதுங்கண்ணே. தறி ஓடறப்பச் சொக்கினா நூல் அறுந்து துணி பாழாகும், கூலியிலே புடிச்சுக்குவாங்க. தின்னாம இருந்தா என்னைக்கோ ஒரு நாள்தான் வலிப்பு வரும். தின்னா தினமும் கூலி போகும். நீங்களே சொல்லுங்க, எதைப் பார்க்கறது?"

நாம் வாயடைத்து நின்றோம். இது அறியாமையா? இல்லை, கணக்கு! குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய ஒரு மனிதன், கையிலிருந்த கூலியை வைத்துப் போட்ட கணக்கு. கணக்கு தவறிப்போனது, ஆனால் போட்டவர் மூடர் அல்ல.

ஒரு தடவை மருந்து தீர்ந்துபோயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். சனிக்கிழமை சம்பளம் வரட்டும் என்று நான்கு நாள் தள்ளினார். மூன்றாம் நாள் இரவு ஷிப்டிலே, ஓடுகின்ற தறியருகே விழுந்தார். வலது கை பெல்ட்டிலே சிக்கியது. எலும்பு முறிந்து ஆறு வாரம் வீட்டிலே கிடந்தார். முதலாளி ஆளனுப்பிச் சொன்ன செய்தி ஒரே வரி: "வேறு இடம் பார்த்துக்கொள்."

கட்டுப்போட்ட டாக்டர் விவரம் கேட்டார். தூக்கம் வருகிறது, அதனால் விட்டுவிட்டு விட்டுவிட்டுத் தின்றேன் என்று அன்றுதான் நம் தோழர் சொன்னார். "இதை முன்பே சொல்லியிருந்தால் மருந்தை மாற்றியிருக்கலாமே!" என்றாராம் டாக்டர். "யாரும் கேக்கலைங்களே!" என்றாராம் நம் தோழர்.

யாரும் கேட்கவில்லை! அந்த ஒரு சொல்லிலே இருக்கிறது முழுக் கதையும். ஆஸ்பத்திரியிலே நெடுந்தூரம் வரிசை. மேசைக்கு முன்னே இரண்டு நிமிடம். டாக்டர் மீதும் பழி போட நாம் வரவில்லை. ஒருவர் ஒரு காலையிலே நூறு பேரைப் பார்க்க வேண்டுமென்றால், அவர் யாரிடம் எதைக் கேட்பார்? சீட்டிலே எழுதுவார், தள்ளிவிடுவார். சீட்டு பேசாது, தோழர்களே!

அந்தச் சீட்டு சொல்லாமல் விட்டவற்றை இங்கே சொல்லுவோம்.

"ஆறு மாதமாக வலிப்பு வரவில்லை, நோய் போய்விட்டது, இனி எதற்கு மாத்திரை?" என்று நிறுத்துகிறவர்கள் அநேகர். வராமல் இருந்ததே மாத்திரையால்தான்! இது காய்ச்சல் மாத்திரை போல மூன்று நாள் தின்று முடிப்பதல்ல. ஓட்டைக் குடத்திலே தண்ணீரை ஒரே மட்டத்தில் நிறுத்த வேண்டுமென்றால், ஒழுகுகிற அளவுக்கு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உடல் அந்தக் குடம். மருந்து அந்தத் தண்ணீர். ஒரு வேளை தவறினால் மட்டம் தாழும். நான்கு நாள் தவறினால் குடம் வற்றும். திடீரென்று அடியோடு நிறுத்தினால், வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்து வரலாம். பொதுவாக இரண்டு ஆண்டாவது வலிப்பே இல்லாமல் இருந்த பிறகுதான், மருந்தைக் குறைக்கலாமா என்று டாக்டர் யோசிப்பார்; அதுவும் சிறிது சிறிதாகத்தான். நிறுத்துவது நோயாளி தனியே எடுக்கும் முடிவல்ல.

"மாத்திரை தின்றால் மந்தம், ஈறு வீங்குகிறது, உடம்பு பருக்கிறது" என்று விடுகிறவர்கள் உண்டு. பொய்யல்ல. பெனிட்டாய்ன் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும்; வால்புரோயேட் சிலருக்கு எடையைக் கூட்டும்; பல மருந்துகள் தொடக்கத்திலே தூக்கம் தரும். அளவைக் குறைக்கலாம், வேளையை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். வழி இருக்கிறது. ஆனால் வாய் திறந்து சொன்னால்தானே!

மருந்தோடு கோயில், தர்கா, மாதா கோயில் என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். மனத்துக்கு ஆறுதல் தேடிப் போகிறவரோடு நமக்கு இங்கே வழக்கில்லை. "கயிறு கட்டியாகிவிட்டது, மாத்திரையை நிறுத்து" என்று சொல்கிறானே, அவனோடுதான் வழக்கு! அவன் சொல் கேட்டு விழுகிறவன், நெருப்பிலே விழுகிறானா, கிணற்றிலே விழுகிறானா, யாருக்குத் தெரியும்? விரதமோ நோன்போ இருக்கிறவர், முன்கூட்டி டாக்டரிடம் சொல்லி வேளையை மாற்றிக்கொள்ளட்டும். தூக்கம் கெடுவதும், குடியும் வலிப்பைக் கூவி அழைப்பவை என்பதையும் நினைவில் வைக்கட்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது வெட்கம். இல்லை, வெட்கம் என்று அதைச் சொல்வதுகூடத் தவறு. பயம்!

பெண்ணுக்கு வலிப்பு என்றால் பெற்றோர் மறைக்கிறார்கள். ஏன் மறைக்கமாட்டார்கள்? சட்டமே அப்படி இருந்ததே! இந்து திருமணச் சட்டத்திலே 1976-ல் செய்த திருத்தம், அடிக்கடி வலிப்பு வருகிறவர்களைப் பைத்தியத்தோடு சேர்த்து எழுதி, திருமணத்துக்குத் தகுதியற்றவர்கள் என்றது. 1999-ல்தான் அந்த வாசகம் நீக்கப்பட்டது. இருபத்து மூன்று ஆண்டுகள் சட்டப் புத்தகத்திலே இருந்த கறை! புத்தகத்திலே அழித்துவிட்டார்கள், ஊர் மனத்திலே அழியவில்லை. அதனால் என்ன நடக்கிறது? தாலி கட்டிய மறுநாளிலிருந்து மாத்திரை நிற்கிறது. மாமியார் பார்த்துவிடுவாளோ, கணவன் கேட்டுவிடுவானோ என்ற நடுக்கம். அடுப்படியிலே விழுகிறாள் அந்தப் பெண். "பேய் பிடித்தவளைக் கட்டிவைத்துவிட்டார்கள்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அவளைக் கொல்வது நோயா, மறைத்து வைக்கச் சொன்ன சமூகமா?

கருவுற்றதும் "பிள்ளைக்கு ஆகாது" என்று யாரோ சொல்ல, மாத்திரையை வீசிவிடுகிற பெண்களும் உண்டு. வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவுக்குக் கேடு செய்யக்கூடும் என்பது உண்மை. ஆனால் கேட்காமல் நிறுத்தினால் வலிப்பு வந்து தாய்க்கும் கேடு, சேய்க்கும் கேடு. கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொன்னால் ஏற்ற மருந்துக்கு மாற்றுவார். போலிக் அமில மாத்திரையும் கொடுப்பார். வலிப்புள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் நல்ல குழந்தைகளைப் பெற்று வளர்க்கிறார்கள். இதை எந்தச் சுவரிலே எழுதியிருக்கிறார்கள்?

ஆணுக்கோ, வேலை பயம். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவத்திலேயே வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. வண்டி ஓட்டும்போது விழுந்தால் பல உயிர் போகும். ஆகவே அந்தக் கேள்வி நியாயம். அடுத்த கேள்வியை யார் கேட்பது? "லாரியை விட்டு இறங்கச் சொல்கிறீர்களே, இறங்கியவன் எங்கே போவான்?" என்ற கேள்வியை? பதில் இல்லாததால் அவன் மறைக்கிறான். டாக்டரிடமும் மறைக்கிறான். மறைக்கிறவன் ஒழுங்காக மருந்து வாங்க முடியாது. ஒழுங்காகத் தின்னவும் முடியாது.

இனி, ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களைப் பார்ப்போம். அவர்களும் நம்மைப் போன்ற ஏழைகள்தாம். அவர்களால் எப்படி முடிகிறது? நாம் விசாரித்தவரையில் தெரிந்தது இது: மாத்திரை எதற்கு என்று அவர்களுக்கு யாரோ ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். பல் துலக்குவதோடும் இரவுச் சோற்றோடும் மாத்திரையை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். தீருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே வாங்கி வைக்கிறார்கள். வீட்டிலே மனைவியோ, மகளோ, தம்பியோ, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறார்கள். யாரிடமும் ஒளிக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. அவ்வளவுதான் ரகசியம்! அவர்களுக்கு வாய்த்தது தனியான மன உறுதி அல்ல. பக்கத்திலே ஒரு மனிதர்.

ஆகவேதான், "மருந்து சாப்பிடாதவன் பொறுப்பற்றவன்" என்ற பேச்சை நாம் ஏற்க மறுக்கிறோம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்காதவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பஸ் நிலையத்திலே விழுந்தவர் அவர்களில் ஒருவராகவும் இருக்கலாமே! அவரைப் பார்த்து அதட்டுவது எவ்வளவு கொடுமை! அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சையே வழி. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்திலே 1995 முதல் வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்து வருகிறார்கள்.

சர்க்காரைப் பார்த்துக் கேட்க வேண்டியதும் உண்டு. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் வழியாக, சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து மொத்தமாக வாங்கி அனுப்புகிறார்கள், இலவசமாகக் கொடுக்கிறார்கள். பிற மாநிலங்களும் பார்த்துப் பழகிய நல்ல ஏற்பாடு. மருந்து இலவசம், மருந்து வாங்கப் போகும் நாளின் கூலி இலவசமா? வலிப்பு மருந்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, ஒரு நாளும் தீராமல், இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கிடைக்க வேண்டும். சிறு தறிக்கூடங்களிலும் பட்டறைகளிலும் இ.எஸ்.ஐ. அட்டை இல்லாமல் வேலை செய்கிறவர்களுக்கு அட்டை கிடைக்க வேண்டும். உலக நாடுகள் கூடி, 2022-ல் வலிப்பு நோய்க்கென்று 2031 வரை நடத்த ஒரு செயல் திட்டத்தை ஏற்றிருக்கின்றன. ஜெனிவாவிலே ஏற்ற திட்டம் நம் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்கு வந்து சேர வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும், நாம் என்ன செய்யப் போகிறோம்?

தோழர்களே! உங்கள் தெருவிலே, உங்கள் தொழிற்சாலையிலே இப்படி ஒருவர் இருக்கிறார். அவர் விழுந்தால் ஓடுங்கள். ஆனால் சாவியோடு அல்ல. பக்கத்திலுள்ள கல்லை, கம்பியை, இயந்திரத்தை விலக்குங்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். இழுக்கிற கையைக் காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயிலே கரண்டியோ, தண்ணீரோ, எதுவுமே வேண்டாம். இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ, 108-ஐக் கூப்பிடுங்கள். எழுந்ததும் அதட்டாதீர்கள், வீடு வரை உடன் போங்கள்.

சங்கத்துத் தோழர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. வலிப்புள்ளவரை ஓடும் இயந்திரத்தின் அருகே, உயரத்திலே, இரவு ஷிப்டிலே நிறுத்தக் கூடாது. ஆனால் அவரை வெளியே தள்ளவும் கூடாது! ஆபத்தில்லாத வேலையைக் கேட்டு வாங்குங்கள். வேலை போகாது என்று தெரிந்த அன்றே, தீப்பெட்டிக்குள் ஒளிந்த மாத்திரை மேசை மேல் வரும்.

நம் விசைத்தறித் தோழர் கதையை முடிக்கவில்லையே! சங்கத்துத் தோழர்கள் நான்கு பேர் போய்ப் பேசினார்கள். பேச்சு ஒரே நாளில் முடியவில்லை. மூன்று தடவை நடந்தார்கள். கடைசியில், வேறொரு கூடத்திலே தார் சுற்றும் வேலை கிடைத்தது. பகல் ஷிப்ட் மட்டும். கூலி முன்னைவிடக் குறைவுதான். அதை நாம் மறைக்கவில்லை. டாக்டர் மருந்தின் பெரும் பங்கை இரவுக்கு மாற்றிக் கொடுத்தார். பக்கத்துத் தார் மேடையிலே வேலை செய்யும் அம்மாள், தினமும் காலையில் வந்ததும், "தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்கிறார். சோற்றைப் பற்றி அல்ல அந்தக் கேள்வி! எட்டு மாதமாக நம் தோழருக்கு வலிப்பு வரவில்லை. வராதது கண்டு மாத்திரையை நிறுத்தவும் இல்லை.

பஸ் நிலையத்திலே அந்தப் படித்தவர் கேட்டதும் ஏறத்தாழ அதே கேள்விதான். அவர் குற்றவாளியைக் கேட்பது போலக் கேட்டார், தலை குனிந்தது. இந்த அம்மாள் பிள்ளையைக் கேட்பது போலக் கேட்கிறார்; கை மாத்திரைக்கு நீள்கிறது.

சாவிக்கொத்தை இடுப்பிலேயே வைத்துக்கொள்வோம், தோழர்களே! அது நம் வீட்டைத் திறக்க. விழுந்தவரிடம் நாளைக் காலையில் போய்க் கேட்போம்: "சாப்பிட்டீர்களா?"